மஞ்சள் சீட்டு

மூச்சக்காவை ஏமாற்றிவிட்டு மலையேறிவிடலாம் என்று வந்தவர்கள் ஒருவரா இருவரா! பத்தொன்பது வருஷமாக வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். "நான் தினமும் வாக்கிங் போறேன்மா" என்பார் ஒருவர். பூங்காவில் சமதரையில் அரை மணி நேரம் ஊர்க்கதை பேசிக்கொண்டு நடப்பதைச் சொல்கிறார், பாவம். "காலேஜ்ல நான் ஓட்டப்பந்தய வீரன்" என்பார் இன்னொருவர். காலேஜ் முடித்து முப்பது வருஷம் ஆனதற்குத் தொப்பையே சாட்சி. அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். கடைசியில், "உங்க வீடு எத்தனாவது மாடி? லிஃப்ட் இருக்கா?" என்பாள். அதோடு பாதிப் பேருக்கு வாய் அடைத்துப்போகும்.

அந்தப் பள்ளத்தாக்கில் நடக்க மூன்று பாதைகள். பச்சைப் பாதை ஓடையை ஒட்டியே போய் மரப்பாலத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும். குழந்தையும் நடக்கலாம், மூட்டுவலிக்காரரும் நடக்கலாம். மஞ்சள் பாதை அருவி வரைக்கும்; பாதிக்கு மேல் முந்நூறு கல்படி. சிவப்பு, மேலே கணவாய் வரை, ஒரு முழுப் பகல். யாருடைய உடம்பு எதற்குத் தாங்கும் என்று பார்த்து, அந்த நிறத்தில் ஒரு சீட்டில் முத்திரை குத்திக் கொடுப்பதுதான் அவள் வேலை. சீட்டைக் காட்டாமல் பாதைக் காவலர்கள் ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள்.

எப்படிப் பார்ப்பாள்? பார்க்கவே மாட்டாள். ஆபீஸ் இருப்பது மாடியில். கீழே கைத்தடியும் மழைக்கோட்டும் அடுக்கிய கிடங்கு. பக்கவாட்டில் இருபத்தெட்டு இரும்புப் படி, நடுவில் ஒரு திருப்பம். கவுன்ட்டரில் உட்கார்ந்தால் படி கண்ணுக்குத் தெரியாது, காதுக்கு மட்டும் தெரியும். பேச்சை நிறுத்தாமல் மேலே வந்து சேர்கிறவர்களுக்குச் சிவப்பு. பாதியில் பேச்சு நின்று, மீதியை மௌனமாக ஏறுகிறவர்களுக்கு மஞ்சள். திருப்பத்தில் நின்றுவிடுகிறவர்களுக்குப் பச்சை. அங்கே சுவரில் அட்டைக்கடிக்கு என்ன செய்யவேண்டும் என்று ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கும். அதை ஒட்டியவளே அவள்தான். மூச்சு வாங்குகிறவர்கள் கூச்சப்படாமல் நிற்க ஒரு சாக்கு வேண்டாமா? அட்டையைப் பற்றி நாலு நிமிஷம் படிக்க உலகத்தில் என்ன இருக்கிறது! அப்படி நின்று படிப்பவர்களின் மூச்சை அவள் மேலிருந்து எண்ணிவிடுவாள். காவலர்கள்தான் அவளுக்கு மூச்சக்கா என்று பெயர் வைத்தார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

சண்டைக்கு வந்தவர்களும் உண்டு. ஒரு உடற்பயிற்சி மாஸ்டர், இவ்வளவு பெரிய புஜம், மேஜையைக் குத்தினார். "நீங்க தூக்குறது கையால. ஏறவேண்டியது நெஞ்சால. பச்சைதான்" என்று கையில் திணித்து அனுப்பினாள். புது மனைவி முன்னால் மானம் போய்விட்டதென்று ஒரு மாப்பிள்ளை முறைத்தான். அவனுக்கும் பச்சைதான். அவள் சொன்னால் சொன்னதுதான், தலைகீழாக நின்றாலும் மாற்றமாட்டாள். பள்ளத்தாக்கு பஸ் ஓட்டும் அவள் புருஷன், "வீட்டுலயும் இதே கதைதான்" என்று பயணிகளிடம் சொல்லிச் சிரிப்பான். அதில் அவனுக்குப் பெருமைதான்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு தடவை மாற்றினாள். யாருக்காக? ஓரகத்திக்காக.

ஓரகத்தி என்றால் புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி. சமவெளி நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியை. வாய்க்கு அளவே கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில், பந்தியில் அத்தனை பேர் இருக்கும்போது, "பத்தாவதோட நின்னவளுக்கு இந்த வீடு கிடைச்சதே பெருசு" என்றாள். சும்மா விளையாட்டுக்காம்! மூச்சக்கா அன்றைக்குச் சிரித்துவைத்தாள். இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சிரிப்பு அவளுக்குத் தொண்டையிலேயே நின்றது. வேலை கிடைத்தபோது, "சீட்டுக் கிழிக்கிறதுக்கும் ஆள் வேணும்தானே" என்றாள் அதே மகராசி. பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாளாவது மூச்சக்காவின் ஆபீஸை எட்டிப்பார்த்ததில்லை.

அப்படிப்பட்டவள் திடீரென்று போன் போட்டு, "நாங்க மூணு நாள் வர்றோம், மலை பாக்கணும்" என்றாள். வந்தாள். மறுநாள் காலை பத்து மணிக்கு இரும்புப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முன்னால் ஓரகத்தியின் புருஷன், அதாவது வீட்டுக்கு மூத்தவர், தடதடவென்று ஏறி வந்துவிட்டார். பின்னால் அவள்.

ஒன்பதாவது படியில் மூச்சு அறுந்தது. மூச்சக்கா கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தாள். திருப்பத்தில் ஓரகத்தி நின்றாள். அட்டைக்கடியைப் படித்தாள். ஒரு நிமிஷம், ரெண்டு, நாலு, அஞ்சு. ஒவ்வொரு மூச்சும் முடிகிற இடத்தில் மெல்லிசாக ஒரு விசில். நடுவில் ஈர இருமல். பத்தொன்பது வருஷத்தில் மூச்சக்கா அந்த மாதிரி மூச்சை மூன்று தடவைதான் கேட்டிருக்கிறாள். மூன்று பேரையும் பச்சைக்குக்கூட விடாமல் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, நேராக ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறாள்.

நாலாவது ஆள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மோவாயைத் தூக்கிக்கொண்டு, வாசலில் வந்து நின்றது.

"இதான் உன் ஆபீஸா? எங்க ஸ்கூல் வாட்ச்மேன் ரூம் இதைவிடப் பெருசுடி."

வரிசையில் நின்ற ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காவலர் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"உக்காருங்கக்கா. தண்ணி குடிங்க."

"தண்ணியெல்லாம் இருக்கட்டும். எனக்கு மஞ்சள் குடு. பச்சை கிழவிங்க போறதாமே? உன் மூச்சு ஜோசியத்தை எல்லாம் என்கிட்ட காட்டாத."

மூத்தவர் சிரித்தார். வரிசையும் சிரித்தது. மூச்சக்காவுக்குக் காது மடல் சுட்டது. பச்சை இல்லை, ஒன்றுமே இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்க என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. வந்த வார்த்தையை அவள் விழுங்கினாள். 'போகட்டும். நூறு படி ஏறட்டும். முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்காரட்டும். சீட்டுக் கிழிக்கிறது என்ன வேலைன்னு அப்பத் தெரியும்.' இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் வார்த்தை வார்த்தையாக நினைத்தாள், அதுதான் உண்மை. மஞ்சள் முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினாள்.

பன்னிரண்டே முக்காலுக்கு வயர்லெஸ் கத்தியது. நூற்றுப் பன்னிரண்டாவது படியில் ஒரு அம்மா மயங்கி விழுந்துவிட்டார், ஸ்ட்ரெச்சர் அனுப்புங்கள் என்றது. எந்த அம்மா என்று மூச்சக்கா கேட்கவே இல்லை. ஸ்ட்ரெச்சரோடு ரெண்டு காவலர்களை ஓடவிட்டாள்.

பள்ளத்தாக்கு ஆஸ்பத்திரி சின்னது. ஒரு வார்டு, எட்டுக் கட்டில், ஒரு டாக்டரம்மா. ஓரகத்தி முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு கண்ணை மூடிப் படுத்திருந்தாள். "நெஞ்சுல லேசா ஒரு சத்தம் இருக்கு. வெயில்ல ஏறினதுல வந்த அசதியாவும் இருக்கலாம். இவங்களுக்கு முன்னாடியே மூச்சு வாங்குமா?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"இவளுக்கா? வீட்டுல எங்களை ஓட ஓட விரட்டுறவ டாக்டர். ஒரு குறையும் கிடையாது" என்றார் மூத்தவர்.

டாக்டரம்மா மூச்சக்கா பக்கம் திரும்பினாள். "நீங்கதானே சீட்டுக் குடுத்தீங்க? உங்க படியில ஏறும்போது எப்படி இருந்தாங்க?"

"இவ காதுக்குத் தப்பாது டாக்டர்" என்று முந்திக்கொண்டான் அவள் புருஷன். பெருமையைக் காட்ட நேரம் பார்த்தான் பாருங்கள்!

எல்லார் கண்ணும் அவள் மேல். உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன? தெரிந்தே ஏன் அனுப்பினே? அதற்கு அவளிடம் பதில் இருந்தது, வெளியே சொல்லக்கூடிய பதிலாக இல்லை.

"நல்லாத்தான் இருந்தாங்க" என்றாள்.

சரி, அசதிதான் என்று டாக்டரம்மா டிரிப் ஏற்றச் சொன்னாள். காலையில் பதினோரு மணி பஸ்ஸில் ஊருக்குப் போகலாம் என்றாள். அந்த பஸ் கணவாய் மேல் ஏறி இறங்கி, ஆறு மணி நேரம் போகும்.

அன்று மாலை மூத்தவர் மூச்சக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, "அத்தனை பேர் முன்னாடி அவ கேட்டா நீ என்ன பண்ணுவே? அவ பிடிவாதம் எனக்குத் தெரியாதா? மனசைப் போட்டுக் குழப்பிக்காதம்மா" என்று ஆறுதல் வேறு சொன்னார். திட்டியிருந்தாலாவது தேவலை. அவள் சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்தாளே தவிர, ஒரு வாய் இறங்கவில்லை. பாவி, பாவி என்று தன்னையே வைதுகொண்டாள். கேட்ட காதையும் மறைத்த வாயையும் சேர்த்து வைதாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போனவள் வந்தவர்களுக்கெல்லாம் பச்சை குத்தினாள். ரெண்டு பெண்கள், தொடை இறுகிய மலையோட்டக்காரிகள், பாட்டுப் பாடிக்கொண்டே படியேறி வந்தார்கள். "பச்சை." "அக்கா, நாங்க போட்டியில மெடல் வாங்கினவங்க!" "பச்சைன்னா பச்சை." காவலர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு இனி எந்த மூச்சின் மேலும் நம்பிக்கை இல்லை, முக்கியமாகத் தன் காதின் மேல். பத்து மணி அடித்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் அந்த விசில் மூச்சு பஸ் ஏறி கணவாய்க்குப் போய்விடும். முத்திரையை அப்படியே போட்டுவிட்டு, கவுன்ட்டரைக்கூடப் பூட்டாமல் படியிறங்கி ஓடினாள்.

வார்டில் பெட்டி கட்டியாகிவிட்டது. மூத்தவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவள் புருஷன் பையைத் தோளில் போட்டிருந்தான். ஓரகத்தி கட்டில் விளிம்பில், சேலையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர், நான் நேத்துப் பொய் சொல்லிட்டேன்." மூச்சக்காவுக்கே மூச்சு வாங்கியது. "அவங்க நல்லா இல்ல. ஒன்பதாவது படியிலயே மூச்சு அறுந்துது. அஞ்சு நிமிஷம் நின்னாங்க. விசில் சத்தம், ஈர இருமல். எல்லாம் கேட்டேன். கேட்டுட்டுதான் மஞ்சள் குடுத்தேன்."

"கேட்டுட்டா?" என்றார் மூத்தவர்.

"ஆமா மாமா. கொஞ்சம் திணறட்டும்னு நினைச்சேன்."

புருஷன் தோளிலிருந்து பையை இறக்கினான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா யாரையும் திட்டிக்கொண்டிருக்கவில்லை. ஓரகத்தியின் கணுக்காலை விரலால் அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்து அப்படியே நின்றது. "ராத்திரி படுக்க எத்தனை தலையணை வேணும் உங்களுக்கு?"

"மூணு" என்றாள் ஓரகத்தி. "ரெண்டு வாரமா உக்காந்துதான் தூங்குறேன்."

நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் தெரிந்தது. இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை, நுரையீரலில் நீர் கோத்திருந்தது. "நேத்தே தெரிஞ்சிருந்தா நீருக்கு மேல நீரா அந்த டிரிப்பை நான் ஏத்தியிருக்கவே மாட்டேன். இந்த நிலைமையில கணவாய் மேல பஸ்ல போயிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டரம்மா பாதியில் நிறுத்திவிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆக்சிஜனோடு ஆம்புலன்ஸ் சொல்லப் போனாள். மூத்தவரும் தம்பியும் காகிதங்களில் கையெழுத்துப் போட அவள் பின்னால் போனார்கள்.

கட்டிலருகில் மூச்சக்கா மட்டும் நின்றாள். காலில் விழுவதா, கையைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. "அக்கா, என்னைத் திட்டுங்கக்கா" என்றாள். "நாலு அறை விடுங்க."

ஓரகத்தி, மறுபடி மாட்டிவிட்டிருந்த மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள். அந்தத் தலைமை ஆசிரியைக் குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது.

"மூணு மாசமா இவர்கிட்ட சொல்லிக்கிட்டிருந்தேன். வயசாச்சுல்லன்னு பேப்பரைத் திருப்புவார். டாக்டர்கிட்ட போகப் பயம். வேலையை விடச் சொல்லிட்டா? அப்பதான் உன் ஞாபகம் வந்துது. ஊரெல்லாம் சொல்லுதே, அவ காதுக்குத் தப்பாதுன்னு. அதுக்குத்தாண்டி வந்தேன், மலை பாக்கவா வந்தேன்? நான் எவ்ளோ வாயடிச்சாலும் நீ விடமாட்ட, அத்தனை பேர் முன்னாடி என்னை உக்காரவெச்சு, ஆஸ்பத்திரிக்குப் போன்னு அதட்டுவ, அப்பவாவது இவர் காதுல ஏறும்னு நினைச்சேன்."

"அக்கா..."

"நீ மஞ்சள் குடுத்தே." அவள் கொஞ்ச நேரம் மூச்சை இழுத்துக்கொண்டாள். "அப்போ எனக்கு ஒண்ணுமில்ல, எல்லாம் மனப்பிரமைதான்னு அப்படியே பாரம் இறங்கின மாதிரி ஆயிடுச்சு. முதல் அம்பது படியை நான் எவ்ளோ சந்தோஷமா ஏறினேன் தெரியுமாடி?"