தூதரகம் என்று எழுதாத கதவு

பிள்ளைகளே, உங்கள் அக்காவின் விசாவுக்காக அவளும் நானும் சென்னைக்குப் போய் வந்ததை உங்களுக்காக எழுதுகிறேன். அவளுக்குத் தாய்வானில் படிக்க இடம் கிடைத்தது. ஆனால் நம் இலங்கைக்கும் தாய்வானுக்கும் தூதரக உறவு இல்லை. கொழும்பில் போய்க் கேட்க அவர்களுடைய தூதரகம் கிடையாது. சென்னையில் இருக்கும் அலுவலகத்துக்குத்தான் போகச் சொன்னார்கள்.

ஆட்டோக்காரரிடம், "தாய்வான் எம்பசிங்க" என்றேன்.

"அப்படி ஒண்ணு இங்க இல்லியே. மதுரைப் பக்கமா சார் நீங்க?"

"இல்லைங்க, பதுளை."

"அது எந்த மாவட்டம்?"

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கைப்பேசியில் விலாசத்தைக் காட்டினாள்.

அது கம்பெனிகள் இருக்கிற கட்டடம். பெரிய கேட்டும் கொடியும் இருக்கும் என்று நினைத்திருந்தேன். கதவில் இருந்த பெயரில் தூதரகம் என்ற சொல்லே இல்லை. ஏதோ வியாபாரத்துக்கான இடம் மாதிரி இருந்தது. வெளிநாட்டு ஏஜென்சிக்காரரிடம் ஏமாந்தவர்கள் நம் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளிலேயே உண்டு. விலாசத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னேன்.

"உறவு இல்லாத நாடுன்னா இப்படித்தாம்ப்பா பேரு வைப்பாங்க. விசா இங்கதான் குடுப்பாங்க" என்றாள் அக்கா.

தோட்டத்து ஒபிசுக்குக் காரியமாகப் போகும்போது நாம் வெறுங்கையோடு போவதில்லை அல்லவா? அந்தப் பழக்கத்தில் நல்ல தேயிலையாக ஒரு பாக்கெட் கொண்டுபோயிருந்தேன். பத்திரங்களோடு சேர்த்து அதையும் கவுண்டர் கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன். உள்ளே இருந்த பெண் கையை இழுத்துக்கொண்டார்.

"இது என்ன சார்?"

"நம்ம தோட்டத்துத் தேயிலைங்க. ஒங்களுக்குத்தான்."

"இதெல்லாம் இங்க வாங்கமாட்டோம். எடுத்து வைங்க."

"அப்பா, இது கிளாக்கர் ஐயா ஒபிசு இல்ல" என்று அக்கா பல்லைக் கடித்தாள். லஞ்சம் என்று எழுதிவிடுவார்களோ என்று பயந்து பாக்கெட்டைப் பைக்குள் திணித்தேன். இருந்தாலும் கேட்க வந்ததைக் கேட்டேன்.

"அங்க எம் பொண்ணுக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா, எங்க நாட்டு ஆளுங்க யாருங்க இருக்காங்க?"

அவர் பத்திரங்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "உங்க நாட்டு ஆபீஸ் அங்க இல்ல சார். காலேஜ்ல பாத்துப்பாங்க."

தங்கியிருந்த அறைக்குத் திரும்பியதும் அதையே அக்காவிடம் சொல்லிப் புலம்பினேன்.

"தாத்தா எத்தன வருசம் இலங்கை, இந்தியா ரெண்டு நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாம இருந்தாரு? எங்கிட்ட பாஸ்போட்டாவது இருக்கேப்பா" என்றாள்.

"தாத்தாவச் சுத்தி லயம் பூரா சனம் இருந்துச்சு. ஒனக்கு யாரு இருக்கா?"

அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தேயிலையால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, விசா கிடைத்துவிட்டது. போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலேஜில் தமிழ்ப் பிள்ளைகள் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் தேடச் சொன்னேன். திருச்சிப் பக்கத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் கிடைத்தார்கள். முன்பின் பார்த்ததில்லை. அவர்களுடைய நம்பரை என் கைப்பேசியிலும் அம்மாவின் கைப்பேசியிலும் போட்டு வைத்திருக்கிறோம். அக்காவுக்கு ஒன்றென்றால் நாம் கூப்பிட அங்கே இப்போதைக்கு அவர்கள்தான் இருக்கிறார்கள்.