பதினோராவது விதி

இடஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்த வருஷங்களில் நான் சட்டக் கல்லூரி மாணவன். அதாவது, யாருக்கும் பயன்படாத ஒரு ஜீவன். அந்தப் பயனின்மையை ஊருக்குப் பங்கிட்டுக் கொடுக்கக் கல்லூரியில் ஒரு மையமே இருந்தது. ஏழைச் சங்கங்களுக்கு மாணவர்கள் நாங்கள் இலவசமாகச் சட்ட வேலை செய்து தருவோம். மேற்பார்வைக்கு ஒரு பேராசிரியர். ஒவ்வொரு தாளையும் படித்துக் கையெழுத்துப் போடுவது அவர் கடமை. கையெழுத்துப் போடுவார். படித்து யாரும் பார்த்ததில்லை.

கல்வராயன் மலையில் கடுக்காய் பொறுக்கும் பெண்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். குத்தகை வருஷா வருஷம் ஒரு வியாபாரிக்கே போகும். இவர்கள் அவனிடம் கூலிக்குப் பொறுக்குவார்கள். சங்கத்தைப் பதிவு செய்துகொண்டு வந்தால் இவர்களுக்கே தரலாம் என்று வனத்துறை ஆபீசில் சொல்லிவிட்டார்கள். மனுக் கொடுக்கக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. சங்க விதிகள் எழுதும் பொறுப்பு என் தலையில், சரியாகச் சொன்னால் அவர்கள் தலையில், விழுந்தது.

எழுதினேன் என்பது பெரிய வார்த்தை. பட்டணத்து மனமகிழ் மன்றம் ஒன்றின் விதிகள் மையத்து அலமாரியில் கிடந்தன. மன்றத்தின் பெயரை மட்டும் மாற்றி முப்பத்தெட்டு விதிகளையும் அப்படியே டைப் அடித்தேன்.

வியாழக்கிழமை சின்னசேலத்தில் ரயில் இறங்கி வாடகை சைக்கிளில் கள்ளக்குறிச்சி சேர்ந்தேன். ரயில் தன் தகுதிக்குக் குறைவென்று காரில் கிளம்பிய பேராசிரியர் உளுந்தூர்பேட்டையில் ஒரு புளியமரத்துக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். பஸ் ஓடாததால் சங்கத்துப் பெண்கள் ஏழு பேரும் முந்தின நாளே நடந்து மலையிறங்கியிருந்தார்கள். அவர் எதற்கு, நான் போதாதா என்று நானே ரேகை வாங்கித் தாள்களை நீட்டினேன்.

பதிவு ஆபீஸ் குமாஸ்தா புரட்டிக்கொண்டே வந்து ஒரு பக்கத்தில் நின்றார்.

"தலைவி ரேகை வெச்சிருக்காங்க. பதினோராவது விதி இன்னா சொல்லுது? படிங்க வக்கீல் சார்."

படித்தேன். நிர்வாகிகள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களாக இருத்தல் வேண்டும். பக்கத்து மேஜைக்காரர் டீயைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தாள்கள் என் கைக்கே திரும்பி வந்தன.

வெளியே வந்ததும், சார் வரட்டும், அவர் பார்த்துச் சொல்வார் என்றேன். இரண்டு வருஷப் படிப்பில் நான் கற்ற ஒரே சட்ட உத்தி அது.

"மரத்த எப்ப நவுத்துவாங்களோ. நாளைக்குக் கடைசி நாளு தம்பி," என்றார் தலைவி. "எங்களுக்குத்தான் படிப்பு இல்ல. உங்களுக்கு இருக்குதே, நீங்க ஏன் படிச்சிப் பாக்கல?"

என்னை வேப்பமரத்தடியில் உட்கார வைத்து ஒவ்வொரு விதியாக வாசிக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்பார், எனக்குத் தெரியாது, அந்த விதி போய்விடும். சீட்டாட்ட அறை பத்து மணிக்கு மூடப்படும் என்ற இருபத்தாறாவது விதிக்கு மட்டும், அதை வைத்துக்கொண்டால்தான் என்ன என்று ஒருத்தி ஆசைப்பட்டாள். கடைசியில் ஒன்பது விதிகள் தேறின. கையாலேயே எழுதி ஆபீஸ் மூடுமுன் கொடுத்தோம்.

மறுநாள் மத்தியானம் பதிவுச் சான்று கிடைத்தது. நேரே வனத்துறை ஆபீசுக்குப் போனோம். பேசுவதற்காகத் தொண்டையைக் கனைத்தேன்.

"நீங்க வாசல்லயே நில்லுங்க தம்பி," என்றார் தலைவி.

ஏழு துணி மூட்டைகளையும் என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனார்கள். குத்தகை மனுவுக்கு ரசீதோடு வெளியே வரும்வரை ஒன்றுகூடத் தொலையாமல் காத்தேன்.