இரண்டு புள்ளிக்கும் நடுவே

ஹூஸ்டனில் எங்கள் அலுவலகத்தில் ஒரு எண்ணெய்க் கிணறு வறண்டால் டோனட் வாங்கி வைப்பார்கள். இங்கே எண்ணெய் இருக்கிறது என்று சொன்னவர்தான் வாங்க வேண்டும். கடலடியில் உப்புப்பாறை காளான்போல் விரிந்து கிடக்கும். அதற்குக் கீழே இருப்பதை அதிர்வலை அனுப்பிப் படமாக்குவது என் பிழைப்பு. இதற்கு இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, அலை போன பாதையை வெறும் கோடுகளாகக் கொள்ளும். சீக்கிரம் முடியும், ஆனால் உப்புக்கடியில் குழம்பும். ரிவர்ஸ் டைம் என்ற இன்னொரு முறை, பதிவான அலையையே கணினிக்குள் பின்னோக்கி ஓட்டும். செங்குத்தான விளிம்புகூடத் தெரியும். ஆனால் பாறையில் அலையின் வேகத்தைத் தப்பாக ஊகித்தால் இல்லாததையும் அழகாகக் காட்டும். இரண்டு படமும் ஒத்துப்போகாத இடத்தில் துளைக்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவேன்.

சொந்த ஊரில், கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில், தம்பி செந்தில் பார்த்துவந்த எங்கள் குடும்பத் தென்னந்தோப்பு காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குப் போர் போட இடம் பார்க்க இரண்டு பேரை வரவழைத்தான். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்து நடந்தவர் கிழக்கு வேலியோரம் என்றார். மண்ணில் கம்பி குத்தி மின்சாரம் விட்டுப் பார்த்த மெசின்காரர் மேற்கே என்றார். செந்தில் என்னை வீடியோவில் கூப்பிட்டான்.

"ஏனுங்ணா, ரெண்டு படத்த ஒப்பிடறதுதான உங்க வேலை? இதுல எதுன்னு சொல்லுங்."

"ரெண்டும் ஒத்துவல்லீன்னா போடாத கண்ணு. நம்மூர்ல அடியில பூராம் பாறை. வெடிப்பு இருந்தாத்தான் தண்ணி. இங்கிருந்து எனக்கு ஒண்ணும் தெரியாது."

"மரம் காயறதாச்சும் தெரியுதுங்ளா?"

அவன் போரைப் போட்டுவிட்டான். எங்கே தெரியுமா? இரண்டு புள்ளிக்கும் சரி நடுவில். தேங்காய்க்காரர் அவன் மனைவி வழியில் சொந்தம். மெசின்காரர் அப்பா காலத்துப் பழக்கம். ஒருவர் பேச்சைத் தட்டினால் மனஸ்தாபமாம். யார் மரியாதையும் கெடாமல் ஆயிரம் அடி துளைத்தார்கள், வெறும் கல்தூள் புகைந்தது. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு ஆத்திரம். நம் ஊர்த் தாட்சண்யம் ஆளைக் கொல்லும்.

மறுநாள் பக்கத்து மேசை டக்ளஸிடம், என் தம்பியின் கிணறு வறண்டுவிட்டது என்றேன். "அப்படியானால் இன்று டோனட் உன்னுடையதா?" என்று சிரித்தார். அடுத்து எங்கே துளைக்கப்போகிறான் என்றும் கேட்டார். எண்ணெய்க் கிணறு என்று நினைத்துவிட்டார். விளக்க மனமில்லாமல் வாங்கி வைத்தேன், எல்லோரும் தின்றார்கள்.

மரங்கள் காய்ந்துபோக, தோப்பை வெட்டி வீட்டு மனைகளாகப் பிரித்தாயிற்று. செந்தில் இப்போது இன்னொருவர் விசைத்தறியைக் கூலிக்கு ஓட்டுகிறான். போன வாரம் அவனே பேசினான். குரலில் கோபமே இல்லை; அதுதான் பயமாக இருந்தது.

"உங்க பங்குக்கு ஒரு சைட் உட்டு வெச்சிருக்கறனுங்ணா. அந்தப் போர்க்குழி இருக்குதில்லீங், அந்த சைட்டு. வேற ஆரும் வேண்டாம்னுட்டாங்க. அடியில என்ன இருக்குதுன்னு நீங்க வந்து நெதானமாப் பாத்துக்குங்."

வேறொரு நாட்டின் கடலடியைப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறேன். சொந்த ஊரில் என் பேருக்கு இருப்பது, சாக்கால் வாய் கட்டிக் கல் ஏற்றி வைத்த ஒரு சாண் அகலக் குழி.