குதிகாலில் ஒரு கருப்பு

பைக் சக்கரத்தில் சிக்கிக் கிழிந்த மகளின் குதிகாலில் புதுத் தோல் வைத்துத் தைத்திருந்தார்கள். அதில் ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க, சேலம் ஆஸ்பத்திரியில் ஒரு சிறிய அறைக்கு எங்களை அழைத்தார்கள். மகள் என் மடியில் இருந்தாள். மாமியார் பக்கத்தில் நின்றார்.

டாக்டர் தலையில் மாட்டியது பிள்ளைகள் கேம் விளையாடும் விஆர் ஹெட்செட். அதன் முன்னால் ஒரு கேமராவைப் பொருத்தியிருந்தார்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அது பார்க்குமாம். ஊசியில் ஏற்றிய மருந்து ரத்தத்தோடு போகும் இடமெல்லாம் அவருக்கு வெள்ளையாக ஒளிரும். ஒளிராத இடத்தில் தோல் பிழைக்காது. விளையாட்டுச் சாமானை நம்பலாமா என்று எனக்குச் சந்தேகம்.

விளக்கை அணைத்தார்கள். டாக்டர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"தையல் ஓரத்துல ஒரு எடம் கருப்பா இருக்குதுங்க."

மறுபடி ஆபரேஷன் தியேட்டர், மறுபடி மயக்க ஊசி.

"உள்ளங்கால் பக்கமுங்களா?" என்றார் மாமியார். "அது நான் வெச்ச மைங்க சாமி. கட்டு அவுத்ததும் வார்டே எட்டிப் பாத்துச்சு. கண்ணு பட்டுரும்னு ஒரு பொட்டு வெச்சேன்."

நர்ஸ் விளக்கைப் போட்டு, பஞ்சால் துடைத்துவிட்டு அணைத்தார். டாக்டர் மறுபடி பார்த்தார்.

"இப்ப நல்லா மின்னுதுங்க. உங்க மை என்னையே பயமுறுத்திப் போட்டுதுங்கம்மா" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மை துடைத்த இடத்தில் நிஜமாகவே கொஞ்சம் கருப்பு இருந்து, எல்லாம் மைதான் என்ற நினைப்பில் அவர் கவனிக்காமல் விட்டிருந்தால்?

"இன்னொருக்கா பாத்துருங்க சார்" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஹெட்செட்டைக் கழற்றாமலே மறுபடி குனிந்தார்.