புற்றுமண்ணும் கழுத்துச் சிறகும்

எழுதுவதற்கு எனக்குத் தகுதி கிடையாது. பத்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே பின்வரிசைக்குப் போய்விடுவேன். லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதிக் கொடுங்கள் என்று ஷகிலா மேடம் விடாமல் கேட்டதால் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் லேப் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேடம்தான் டெக்னீஷியன், கடையநல்லூரிலிருந்து வருகிறவர். நான் ஸ்லைடு கழுவச் சேர்ந்து, மைக்ராஸ்கோப் பார்க்கப் பழகியவன்.

ஒரு நாள் காலை கோமதியம்மாள் என்பவர் மருமகள் செல்வியோடும் பேரனோடும் வந்தார். செல்வி கையில் துணிமணி அடைத்த பை. கோமதியம்மாள் ஊறுகாய் பாட்டில் ஒன்றை மேஜையில் வைத்தார்.

"பாருங்க தம்பி, புள்ள பாயில கெடந்துச்சு இந்தப் புழு. இவ கீரையைக் கழுவுத லட்சணம், புள்ள வயித்துல புழு!"

"மூணு தண்ணியில கழுவுதேன் அத்தை."

"ரிசல்ட் வரட்டும். வாசுதேவநல்லூர் பஸ்ஸுல ஒன்னைய ஏத்தி உங்க அம்மா வீட்டுக்கு அனுப்புதேன். புள்ள எங்கிட்ட வளரும்."

செல்வி பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

புழுவை எடுத்து லென்ஸின் கீழ் வைத்தேன். தோல் முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழ்கள். இருபது வருடத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. மேடத்தைக் கூப்பிட்டேன்.

"மேடம், இது நம்ம புழு சார்ட்லயே இல்லாத சாதி!"

மேடம் குனிந்து பார்த்தார். "அண்ணாச்சி, இது புத்துமண்ணு. மொதல்ல குளிப்பாட்டுங்க."

கேட்டால், கோமதியம்மாளே ஒத்துக்கொண்டார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று கோயில் புற்றுமண்ணைப் பிள்ளை நெற்றியில் பூசிவிட்டு, மிச்சத்தைப் புழுவின் மேலும் போட்டிருக்கிறார்.

சலைன் என்கிற உப்புநீரில் மெல்லிய பிரஷ்ஷால் கழுவினேன். குமிழ் எல்லாம் போயிற்று. தோலில் நூல் சுற்றியது போன்ற வரிகள் தெரிந்தன. தலைக்குக் கீழே, கழுத்தின் இருபுறமும், அம்பு முனை மாதிரி அகலமாக இரண்டு சிறகுகள். மனிதர் வயிற்று உருண்டைப் புழுவுக்குக் கழுத்து மொட்டையாக இருக்கும். இந்தச் சிறகு பூனைப் புழுவுக்கு உள்ளது. நாய்ப் புழுவுக்கும் சிறகு உண்டு, ஆனால் ஒடுக்கமாக, நீளமாக இருக்கும். பிள்ளையின் மலத்தையும் பார்த்தோம். புழு முட்டை எதுவும் இல்லை.

"நீங்கதான பாத்தீங்க, நீங்களே போய்ச் சொல்லுங்க," என்றார் மேடம், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கோமதியம்மாள் முன்னால் போய் நின்றேன். "அம்மா, வீட்டுல பூனை உண்டா?"

"ராசா இருக்கான். பால்சோறு தவிர எதையும் தொடமாட்டான். புள்ளகூடதான் படுப்பான். அவனுக்கென்ன?"

"இது அவன் கக்குன புழும்மா."

"நீரு பாத்தீரா வே?" தம்பி என்ற மரியாதை அத்தோடு போயிற்று.

"நீங்களே வந்து பாருங்கம்மா."

கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஏ யாத்தே, ரெக்கை வச்சிருக்கே!"

செல்வி மெதுவாகக் கேட்டார். "கீரையை நான் கழுவுதேன். ராசாவை யாரு கழுவுதா அத்தை?"

மேடம் முகத்தை ரிப்போர்ட்டால் மறைத்துக்கொண்டார். கோமதியம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு மருமகள் பையைத் தன் கையில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, வாசுதேவநல்லூர் பஸ்ஸு போயிட்டா?"

வெளியே கண்டக்டர் அந்த ஊர்ப் பெயரைத்தான் கத்திக்கொண்டிருந்தார்.

"போயிட்டும்மா," என்றேன்.

"அப்ப சரி. வாடி, வீட்டுக்குப் போவோம்."

நான் படித்த பாடம் இதுதான்: எதையும் கழுவிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். கழுவாமல் பார்த்தால், ஒட்டியிருப்பதைத்தான் பார்ப்போம்.

மறுநாள் காலை கோமதியம்மாள் ராசாவை ஒயர் கூடையில் வைத்து எங்கள் லேபுக்குக் கொண்டுவந்தார். கால்நடை ஆஸ்பத்திரிக்கு வழி சொல்லி அனுப்பினேன்.