பொரி நிறைந்த தீ வாளி

ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்குள் தீயணைப்பு வண்டி நுழையாது. ஆட்டோ நுழைவதற்கே கண்ணாடியை மடக்க வேண்டும். முன்பு ஒரு வீடு எரிந்தபோது வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அங்கிருந்து குழாயை இழுத்து வருவதற்குள் கூரை விழுந்துவிட்டது. ஆள் தப்பியதே பெரிது. அதன் பிறகுதான் நாங்களாகவே ஒரு தீயணைப்புக் குழு தொடங்கினோம். நான்கு சிவப்பு வாளி நிறைய மணல், நனைத்துப் போடக் கோணிப்பை, ஒரு விசில். என்னைக் கேப்டன் ஆக்கினார்கள். வீரத்துக்காக அல்ல; என் குரல் கடைசி வீடு வரை கேட்கும்.

குழுவின் வரலாறு சுருக்கமானது. ஒருமுறை குப்பையில் தீ, ஒருமுறை மீட்டர் பெட்டியில் புகை. மற்ற நாட்களில் எங்கள் மணலைப் பூனைகள்தான் பயன்படுத்தின.

ஆயுத பூஜை வந்தது. ஆட்டோவுக்கும் தையல் மெஷினுக்கும் பொட்டு வைக்கும்போது, நம் ஆயுதம் மட்டும் என்ன பாவம் செய்தது என்று நான்தான் கேட்டேன். மணலை மூலையில் கொட்டி, வாளிகளைக் கழுவி, விசிலுக்கும் சேர்த்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். பொரி கடலை கலக்கப் பாத்திரம் போதவில்லை. வாளிகள்தான் இருக்கின்றனவே என்று அவற்றிலேயே நிரப்பினோம்.

சந்தின் நடுவில் இட்லிக்கார அக்கா வீடு. முன்னறைதான் அடுப்படி, அதுவே கடை, அதுவே சோறு. பூஜைக்கு போண்டா போட்டுக்கொண்டிருந்தவர் கத்தினார்: “ஐயோ, எண்ணெ பத்திக்கிச்சு!”

கேப்டன் விசில் ஊத வேண்டும். ஊதினேன், சத்தம் வரவில்லை, வாய்க்குள் சந்தனம் வந்தது. ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கண்ணை மூடிக்கொண்டு முழு பலத்தோடு வீசினேன்.

பொரி பறந்தது. முக்கால்வாசி அக்கா மேல் விழுந்தது.

எனக்குப் பின்னால் எதிர்வீட்டு ஆட்டோக்காரர் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தார்.

“யோவ், தண்ணி ஊத்தாத! எண்ணெய்யா அது!” அக்கா அடுப்பைத் திருகி அணைத்தார். இட்லிக் குண்டான் மூடியை எடுத்துச் சட்டியின் மேல் கவிழ்த்தார். மூடிக்கு அடியில் புகைந்து தீ அடங்கியது. சுவர் கறுத்தது, அடுப்பு தப்பியது.

தலை நிறையப் பொரியோடு என் பக்கம் திரும்பினார்.

“என்ன கேப்டன், அட்சதையா?”

“மணல்னு நெனச்சிட்டேன்க்கா.”

“காலைல பொரி கொட்டினது யாரு? உங்க கைதானே?”

ஆட்டோக்காரர் என் வாளியின் அடியில் மிச்சமிருந்ததை வாயில் போட்டு மென்றார். “கடலை கம்மிண்ணா.”

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் அடுப்பைத் தொட்டுப் பார்த்தபடி சொன்னார்: “இது போயிருந்தா நாளைக்கு நான் எங்க போறது?”

மூலையில் கொட்டிய மணலை நான் அந்த வாளிக்குள் திரும்ப அள்ளிப் போட்டேன்.

இப்போது மூன்று வாளிகளுக்குத்தான் பூஜை. நான்காவது, மணலோடு, பொட்டில்லாமல் அக்கா வாசலில் நிற்கிறது. சாமி குத்தம் ஆகாதா என்று நான் கேட்டேன். “சாமிக்குப் பொரி போதும், எனக்கு மணல் வேணும்” என்றார்.

ஆயுத பூஜையன்று போண்டாவுக்கு அடுப்பு மூட்டும் முன், நான் அந்தப் பக்கம் தென்பட்டால், அக்கா அந்த வாளிக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்க்கிறார். மணல்தான் என்று உறுதியான பிறகே தீக்குச்சியை உரசுகிறார்.