பதிலுக்கு நிற்கிற நேரம்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எதை எழுதினாலும் இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவேன்; சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். சொல்லியாயிற்று. இனி மாமாவைப் பற்றி.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். கிராமத்திலிருந்து வேலை தேடி வந்த எனக்குத் தன் வீட்டு முன்னறையைக் கொடுத்து, நேர்முகத் தேர்வுக்குக் கையோடு கூட்டிப் போனவர். அன்றுதான் நான் முதன்முதலாக லிஃப்டில் ஏறினேன். அது கிளம்பியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். "பயப்படாதே மாப்ளே, பட்டம் வாங்கினவனைக் கீழே போடாது" என்றார். வேலை கிடைத்தது. பெரிய மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு, தரைத்தளம். என் மேசைக்குப் பின்னால் இருக்கிற சுவருக்கு அந்தப் பக்கம் பழைய லிஃப்ட். அதைப் பராமரிப்பது மாமாவின் கம்பெனிதான்.

லிஃப்ட் வேலை இரண்டு பேர் சேர்ந்து செய்கிற வேலை. ஒருவர் ஆட்கள் ஏறுகிற பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு அதை மெதுவாக ஏற்றி இறக்குவார். இன்னொருவர் தரைத்தளத்துக்கும் கீழே இருக்கிற குழியில் இறங்கி, பெட்டியின் அடிப்பக்கத்தைப் பார்ப்பார். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. நடுவில் இருப்பது குரல் ஒன்றுதான். அதனால் ஒரு முறை வைத்திருக்கிறார்கள். மேலே இருப்பவர் "இறக்கலாமா?" என்று கேட்பார். கீழே இருப்பவர் "இறக்கலாம்" என்பார். அந்தப் பதில் காதில் விழுந்த பிறகுதான் மேலே இருப்பவரின் விரல் பட்டன்மேல் போக வேண்டும். ஏற்றுவதற்கும் அப்படியே.

மாமாவுக்கு மேலே நிற்பவரை எல்லோரும் ரேடியோ என்பார்கள். அணைக்க முடியாத ரேடியோ. தூக்கத்திலும் செய்தி வாசிப்பார் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். மாமாவுக்கு 'பாஸ்டர்' என்று பெயர் வைத்தது இவர்தான். காரணம், குழியில் இறங்கும் முன் மாமா கண்ணை மூடி ஜெபம் செய்வார். "ஆண்டவரே இறங்கறேன் கூட இரும் ஆமென்." எல்லாம் ஒரே மூச்சில். 'ஆமென்' வருவதற்குள் ஒரு கால் ஏணியில் இருக்கும்.

"பாஸ்டர், இந்த லிஃப்டுக்கு உன் ஜெபத்தோட மோட்டாரை மாட்டினா கதவு மூடறதுக்குள்ள நோயாளி எல்லாம் ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கே போயிடுவாங்க" என்பார் ரேடியோ.

வீட்டிலும் அதே வேகம்தான். சாப்பாட்டு மேசையில் அக்கா கண்ணை மூடுவதற்குள் ஜெபம் முடிந்து கை தட்டுக்குப் போயிருக்கும். அக்கா விடமாட்டாள். "ஆண்டவர் 'சொல்லு மகனே'ன்னு வாயைத் திறக்கறதுக்குள்ள நீங்க போனை வெச்சிடறீங்க."

மாமா விசுவாசம் குறைந்தவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிட மாட்டார். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் போய்த் தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டு வருவார். கேட்டால் ஆண்டவர் தருவார் என்பதில் அவருக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. சந்தேகமே இல்லாததால் நின்று பார்த்ததும் கிடையாது.

விபத்து என்று சொல்ல மாமாவுக்குப் பிடிக்காது. 'உரசல்' என்பார். ஓர் அலுவலகக் கட்டடத்தில் நடந்தது. பெட்டி சற்று மேலே நின்றிருந்தது. மாமா குழியில். கீழே விழுந்த ஸ்பானரை எடுக்கக் குனிந்தார். குழிச் சுவரில் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. அதை அழுத்தினால் பெட்டி அசையாது. குனியும் முன் அழுத்துவதுதான் ஒழுங்கு. மாமா அழுத்தவில்லை. ரேடியோதானே மேலே நிற்கிறார்!

ரேடியோ எப்போதும்போல "இறக்கலாமா?" என்று கேட்டார். எப்போதும்போல "இறக்கலாம்" என்றுதான் வரப்போகிறது. இத்தனை வருடத்தில் வேறு பதில் வந்ததே இல்லை. விரல் தானாகப் பட்டனுக்குப் போய்விட்டது. புது ஆளாக இருந்தால் பயந்து நின்றிருப்பான். பழகியவர் என்பதால் நிற்கவில்லை.

பெட்டி மெதுவாகத்தான் வந்தது. ஆனாலும் அது பெட்டி. மாமாவின் இடது தோளை உரசிச் சட்டையைக் கிழித்து, தோலை வழித்தது. மாமா கையை நீட்டிச் சிவப்பு பட்டனைக் குத்தினார். நின்றது. வெளியே வந்து தண்ணீர் குடித்தார். ரேடியோ பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாராம். அவரை இறக்கத்தான் நேரமாயிற்று.

தோளில் மருந்து வைத்துக் கட்டினார்கள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம். ஆனால் மறுபடி வேலைக்குப் போன அன்று, குழியின் விளிம்பில் மாமாவுக்கு முழங்கால் மடங்கவில்லை. ஏணியைப் பிடித்தார், ஜெபம் சொன்னார், ஆமென் சொன்னார். கால் மட்டும் மேலேயே நின்றது. இன்னொரு நாள் இன்னொரு கட்டடத்தில் முயன்றார். அங்கேயும் அப்படித்தான்.

மேனேஜர் நல்ல மனிதர். "கொஞ்ச நாள் ஸ்டோர்ல இருங்க. ஆனா மாசக் கடைசில மருத்துவமனை லிஃப்டுக்கு வருஷச் சோதனை இருக்கு. அதுக்கு நீங்க இறங்கணும். முடியலைன்னா குழிக்கு வேற மெக்கானிக்கைப் போடறதைத் தவிர எனக்கு வழியில்ல" என்றார். வேறு ஆளைப் போட்டால் மாமா மெக்கானிக் இல்லை. மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது. பிடிக்கவும் பிடிக்காது. பாரம் தூக்கி, வண்டி தள்ளி, கடைசியில் கையில் ஒட்டிய ஒரே வேலை அது.

ஆக, "பயத்தை எடுத்துப்போடும் ஆண்டவரே" என்று காலையும் மாலையும் ஜெபம். பயம் அசையவில்லை.

உதிரிபாகங்கள் வைக்கிற ஸ்டோரில் மாமாவுக்கு வேலை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கேதான் அது தொடங்கியது என்று நினைக்கிறேன். ஓடிப் போக இடம் இல்லாததால், ஆமென் சொன்ன பிறகும் அப்படியே உட்கார ஆரம்பித்தார். வீட்டிலும் அது தொற்றிக்கொண்டது. ஒரு நாள் காலை, ஜெபம் முடிந்தது. நானும் அக்காவும் கண்ணைத் திறந்துவிட்டோம். மாமா திறக்கவில்லை.

"ஏங்க, ஆமென் சொல்லியாச்சு" என்றாள் அக்கா.

"தெரியும்."

"டீ ஆறுது."

"ஆறட்டும்."

அக்கா என்னைப் பார்த்தாள். "படிச்சவனே, இது என்ன வியாதின்னு பாரு" என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

கண்ணைத் திறந்ததும் மாமா தன் இடது தோளைத் தடவினார். சட்டையை இழுத்து உள்பக்கம் பார்த்தார். அங்கே பழைய துண்டிலிருந்து வெட்டிய மெல்லிய துணி, கண்ணுக்குத் தெரியாத தையலில் பதிந்திருந்தது. அக்கா தையல்காரி. தெருப் பெண்களுக்கு ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைப்பாள்.

"இது எப்போ?"

"கட்டைப் பிரிச்ச அன்னிக்கே. எல்லாச் சட்டைக்கும் வெச்சிருக்கேன். புண்ணுல துணி உரசுதுன்னு முனகிட்டே இருந்தீங்களே."

மாமா சிறிது நேரம் அந்தத் துணியையே தடவிக்கொண்டிருந்தார். "தோள் எரியுது, குணமாக்கும்னு தினமும் கேட்டேன். எரிச்சல் நின்னது எந்த நாள்னு எனக்குத் தெரியவே இல்ல பாரு. நின்ன பிறகும் கேட்டுட்டே இருந்திருக்கேன். அவர் பதில் கொடுத்து எத்தனை நாள் ஆச்சோ!"

"ஹலோ, தைச்சது நான்."

"உன் கையில ஊசியைக் கொடுத்தது யாரு?"

"முனைக்கடைக்காரர். அதுக்கும் நான்தான் காசு கொடுத்தேன்" என்றாள் அக்கா. ஆனால் முகம் திருப்பிக்கொண்டு போனவள் அடுப்பங்கரையில் மூக்கை உறிஞ்சியது எனக்குக் கேட்டது.

அதன் பிறகு மாமா கவனிக்கத் தொடங்கினார். அவர் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. பஸ்ஸில் யாரோ இடம் கொடுத்தால் உட்காரும் முன் ஒரு நொடி நிற்பார். ஸ்டோர் ஜன்னலில் வெயில் இறங்கிச் சாமான்களின்மேல் விழுந்தால் பேச்சை நிறுத்துவார். "என்ன மாமா?" என்றால், "ஒண்ணுமில்ல, பதில் வருது" என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், சற்றுப் பயமாகவும் இருக்கும். குழிப் பயம் மட்டும் போகவில்லை. அதையும் மறைக்கவில்லை. "அது அப்படியேதான் இருக்கு மாப்ளே, கல்லு மாதிரி."

சோதனைக்கு முந்தைய வாரத்தில் ஒரு மாலை ரேடியோ வீட்டுக்கு வந்தார். உரசலுக்குப் பிறகு முதல் தடவை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பேசவில்லை. ரேடியோ பேசாமல் இருப்பதை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் மின்சாரம் போனது மாதிரி இருந்தது. அக்கா டீயைக் கொண்டுவந்து டம்ளர் குலுங்க வைத்தாள்.

"தங்கச்சி கோபமா இருக்கு" என்றார் ரேடியோ, டம்ளரைப் பார்த்தே.

"இல்லாம? தாலி கட்டினவர் அண்ணே. தோள் இல்லாம தலையா இருந்திருந்தா?"

ரேடியோ தலையை ஆட்டினார். பிறகு மாமாவிடம், "மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். உனக்கு மேல வேற ஆளைப் போடச் சொல்லிட்டேன். என் விரல் மேல எனக்கே நம்பிக்கை இல்ல பாஸ்டர். நீ இறங்கு. நான் இல்லாம இறங்கு" என்றார்.

மாமா தன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை, இருமினேன்.

"நீ செஞ்சது தப்புதான்" என்றார் மாமா. "இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஏன் நடந்துச்சுன்னு ஸ்டோர்ல உட்கார்ந்து யோசிச்சேன். நான் என்ன சொல்லுவேன்னு உனக்குத் தெரியும். அதனால நான் சொல்ற வரைக்கும் நீ நிக்கல."

"ஆமா."

"அதையேதான் நான் காலைல எழுந்து ஆண்டவர்கிட்ட செய்யறேன். கேட்கறேன், அவர் என்ன சொல்லுவார்னு எனக்கே தெரியும்னு எழுந்து போயிடறேன். நீ ஒரு நாள் செஞ்ச. நான் ஆயுசு பூரா செஞ்சிருக்கேன். அவர் என்னை விட்டுட்டு வேற ஆளைப் பார்க்கல. நான் எப்படிடா உன்னை மாத்துவேன்?"

ரேடியோ டீயைக் குடிக்கவில்லை. அக்கா வந்து ஆறிய டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். சூடாக இன்னொன்று கொண்டுவந்தாள். இந்த முறை டம்ளர் குலுங்கவில்லை.

"இறங்குவியா?" என்று கேட்டார் ரேடியோ, போகும்போது.

"தெரியல" என்றார் மாமா. "நீ வா."

சோதனை நாள் அன்று எனக்கு என் மேசையில் இருப்புக்கொள்ளவில்லை. பழைய லிஃப்டுக்கு முன்னால் தடுப்பு வைத்திருந்தார்கள். மருத்துவமனை ஊழியர் ஒருவர் சக்கர நாற்காலியோடு வந்து, "எப்பவும் நம்ம நேரத்துலதான் ரிப்பேர்" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்த லிஃப்டுக்குத் திருப்பினார். நான் தடுப்பின் ஓரத்தில் நின்று அக்காவுக்கு போன் போட்டேன். போட்டே ஆக வேண்டும் என்பது அவள் கட்டளை.

திறந்த கதவு வழியாகக் குழி தெரிந்தது. எண்ணெய் வாசனை. மாமா ஏணியைப் பிடித்தார். "ஆண்டவரே இறங்கறேன் கூட இரும் ஆமென்." அதே ஜெபம்தான், அதே வேகம்தான். ஆனால் கால் ஏணிக்குப் போகவில்லை. கண்ணை மூடி நின்றார். நெற்றியில் வியர்வை. பயம் போகவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. இடது தோளை ஒரு முறை அசைத்தார், அந்தத் துணி தோலில் படுகிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு இறங்கினார்.

"இறங்கிட்டார்க்கா" என்றேன் போனில்.

"இறங்கினது இருக்கட்டும். ஏறிட்டாரான்னு சொல்லு."

"இப்போதானே இறங்கினார்?"

"அப்போ வைக்காதே."

மேலே முதல் தளத்து உயரத்தில் பெட்டி நின்றது. அதன் கூரையிலிருந்து குரல் வந்தது. "இறக்கலாமா?"

கீழிருந்து பதில் இல்லை.

எட்டிப் பார்த்தேன். மாமா சுவரோடு ஒட்டி நின்றிருந்தார். இந்த முறை கை சிவப்பு பட்டன்மேலேயே இருந்தது, இன்னும் அழுத்தாமல். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மேலே அண்ணாந்து பெட்டியின் கறுத்த அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டி அசையவில்லை.

ரேடியோ இரண்டாம் முறை கேட்கவில்லை. "என்னாச்சு பாஸ்டர்?" என்றுகூடக் கேட்கவில்லை. ஒரு கேலி இல்லை, ஒரு செருமல் இல்லை. ஊரையே பேசித் தீர்க்கிற மனிதர் அந்த இருட்டில் வாயை மூடிக்கொண்டு நின்றார். மருத்துவமனையின் சத்தமெல்லாம் எங்கோ போய்விட்டது. போனில் அக்காவின் மூச்சு மட்டும்.

மாமாவின் முகம் மாறியதைப் பார்த்தேன். பெட்டியிலிருந்து கண்ணை எடுத்து, யாரோ பேசுவதைக் கேட்பவர்போலத் தலையைச் சாய்த்தார். பட்டன்மேல் இருந்த கை தளர்ந்தது. அன்று இரவு வீட்டில் என்னிடம் சொன்னார்: "கூட இரும்னுதானே கேட்டேன் மாப்ளே. மேல ஒருத்தன் மூச்சுவிடாம எனக்காக நிக்கறான். அந்த ரேடியோவையே அணைச்சு வெக்க யாரால முடியும்?"

குழியில் மாமா பட்டனிலிருந்து கையை எடுத்தார்.

"இறக்கலாம்" என்றார். குரல் கரகரத்தது. ஆனால் மேலே போய்ச் சேர்ந்தது.

பெட்டி மெதுவாக வந்தது. வர வேண்டிய இடத்தில் நின்றது. மாமா பட்டனை அழுத்திவிட்டுக் குனிந்து, விளக்கைப் பிடித்து, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ஸ்பானரால் முடுக்கும் சத்தம் கேட்டது. நடுவில் ஏதோ ஞானப்பாட்டின் ராகத்தை முனகினார், சுருதி சேராமல்.

"அக்கா, பாடறார்."

"அதுக்குப் பேரு பாட்டா? சரி சரி, கேட்குது" என்றாள்.

வேலை முடிந்து மாமா பட்டனை விடுவித்ததும் மேலிருந்து மறுபடி குரல் வந்தது. "ஏத்தலாமா?" பிறகு மௌனம். கொஞ்சம் நீண்ட மௌனம்தான். இந்த முறை யாருக்கும் வியர்க்கவில்லை.

"ஏத்தலாம். அதுக்கப்புறம் நீ பேசலாம்" என்றார் மாமா.

ரேடியோ பேச ஆரம்பித்தார். நான் போனை வைக்கவில்லை. மாமாவின் தலை குழியின் விளிம்புக்கு மேல் தெரிகிற வரை வைக்கவில்லை.